இரண்டு விரல்

என் வேலை எண்ணுவது. ஒன்றிலிருந்து பன்னிரண்டு வரை சொல்லத் தெரிந்தால் போதும், ஜிம் மாஸ்டர் ஆகிவிடலாம் என்று என் மைத்துனன் சொந்தக்காரர்கள் கூடும் இடத்திலெல்லாம் சொல்லிச் சிரிப்பான். அவன் சொல்வதில் பாதி உண்மை. மீதிப் பாதி, எப்போது பொய்யாக எண்ணுவது என்று தெரிந்திருப்பது. நான் “இன்னும் ரெண்டே ரெண்டு” என்றால் இன்னும் நான்கு என்று அர்த்தம். வருகிறவர்களுக்கும் அது தெரியும். தெரிந்தே ஏமாறுவதற்குத்தான் வருகிறார்கள்.

காலை ஐந்தரைக்கு ஷட்டரைத் தூக்குவேன். முதலில் வருகிறவர் ஒரு வக்கீலம்மா. ஒரு செட் முடித்ததும் ஒரு வழக்கை ஆரம்பிப்பார், வழக்கு முடியும்வரை அடுத்த செட் கிடையாது. ஒரு மணி நேரத்தில் அவருக்கு உண்மையில் வேர்ப்பது வாய் மட்டும்தான். அடுத்து ஒரு புது மாப்பிள்ளை. கல்யாணத்துக்குள் நெஞ்சு அகலமாக வேண்டும், அவ்வளவுதான் அவனுடைய லட்சியம். காலுக்கும் பயிற்சி செய்யப்பா என்றால், “கால்தான் பேன்ட்டுக்குள்ள இருக்குமே மாஸ்டர்” என்பான். இவர்களிடம் கோபப்பட்டுப் பயனில்லை என்று இந்தத் தொழிலில் பதினோரு வருடத்தில் கற்றுக்கொண்டேன். ஆனாலும் கோபம் வரத்தான் செய்கிறது.

எண்ணுவதைத் தவிர இன்னொரு வேலையும் உண்டு. ஒருவர் மல்லாந்து படுத்துக் கம்பியைத் தூக்கும்போது தலைமாட்டில் நின்று, கம்பிக்கு அடியில் இரண்டு விரலைக் கொடுத்திருப்பேன். கை பாதியில் நின்றுபோனால் அந்த விரல்கள் கொஞ்சம் மேலே போகும். அப்போது சொல்ல வேண்டிய வசனமும் இருக்கிறது. “எல்லாம் நீங்கதான், நான் சும்மா தொட்டுட்டு இருக்கேன்.” எனக்குக் கற்றுக்கொடுத்தவர் இப்படித்தான் செய்தார், அவருக்குக் கற்றுக்கொடுத்தவரும் இப்படித்தான் செய்திருப்பார். தூக்கினவர் சந்தோஷமாக வீட்டுக்குப் போவார். இதைத் தப்பு என்று எங்களில் யாரும் நினைப்பதில்லை.

டிரைவர் வந்தது இரண்டு மாதத்துக்கு முன்னால். ஐம்பத்தாறு வயது, இருபத்தெட்டு வருடமாகப் பேருந்து ஓட்டுகிறவர். வயிறு முன்னால், முதுகு வளைவாக, கால்கள் குச்சியாக இருந்தன. புதிதாக வருகிறவர்கள் போனில் யாராவது நடிகரின் படத்தைக் காட்டி, இப்படி ஆக வேண்டும் என்பார்கள். இவர் ஒரு துண்டுக் காகிதத்தை நீட்டினார். அதில் ஐம்பத்தெட்டு கிலோ என்று எழுதியிருந்தது.

“இதைத் தூக்கணும் மாஸ்டர்” என்றார்.

என்ன அது என்று கேட்டேன்.

“என் வீட்டுக்காரி.”

அந்த அம்மாவுக்குப் பக்கவாதம் வந்து வலது கையும் காலும் விழுந்துவிட்டன. ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள்: வீட்டில் இருக்கும் ஒரே ஆள் அவரைக் கட்டிலிலிருந்து சக்கர நாற்காலிக்குத் தனியாக மாற்றிக் காட்ட வேண்டும். காட்டினால் வீட்டுக்கு அனுப்புவார்கள். இல்லையென்றால் பராமரிப்பு இல்லம்தான். வீட்டில் இருக்கும் அந்த ஒரே ஆள் இவர். வெளியூரில் இருக்கும் மகள் நல்லதொரு இல்லமாகப் பார்த்து இடமே பிடித்து வைத்துவிட்டாள். உங்கள் முதுகும் போய்விட்டால் இரண்டு பேரையும் யார் பார்ப்பது என்று கேட்டாளாம். அவள் கேட்டதில் தப்பில்லை. ஆனால் அந்த அம்மாவுக்கு வாய் திரும்பி வந்தபோது முதலில் வந்த சொல் “வீடு” என்பதுதான். ஒரு வாரத்துக்கு வேறு எந்தச் சொல்லும் வரவில்லையாம்.

நான் ஒரு மணல் மூட்டையைத் தயார் செய்தேன். பக்கவாட்டில் வார் வைத்துத் தைத்த மூட்டை. கட்டில் உயரத்துக்கு ஒரு பெஞ்சு, பக்கத்தில் ஒரு நாற்காலி. முட்டியை மடக்கி, மூட்டையைக் கட்டிப்பிடித்து, எழுந்து, திரும்பி, நாற்காலியில் வைக்க வேண்டும். இருபது கிலோவில் ஆரம்பித்தோம். மூட்டை ஒரு பக்கமாகச் சரிந்துகொண்டே இருந்ததால் எதிர்ப்பக்கத்து வாரில் நான் இரண்டு விரலை மாட்டிக்கொண்டேன். எனக்கு அது பழக்கம். மூட்டையோடு நானும் திரும்புவேன், வாய் தன் பாட்டுக்கு “எல்லாம் நீங்கதான்” என்று சொல்லிக்கொண்டிருக்கும்.

செவ்வாய், வியாழன், சனி. ஒருநாள் தவறவில்லை. இரவு ஷிப்ட் முடிந்து தூங்காமல் நேராக வந்த நாட்களும் உண்டு. முப்பது, நாற்பது, ஐம்பது என்று மணலைக் கூட்டிக்கொண்டே போனோம். ஏழாவது வாரம் சனிக்கிழமை ஐம்பத்தெட்டு கிலோ மூட்டையை நாற்காலியில் உட்கார வைத்தார். ஜிம்மே கைதட்டியது. வக்கீலம்மாகூட ஒரு சொத்துத் தகராறைப் பாதியில் நிறுத்திவிட்டுத் தட்டினார். டிரைவர் அங்கேயே நின்று மகளுக்குப் போன் போட்டார். அடுத்த வெள்ளிக்கிழமை ஆஸ்பத்திரியில் மாற்றிக் காட்ட வேண்டிய நாள்.

மறுநாள் வீட்டில் ஒரு பாட்டில் மூடியைத் திறக்க முடியாமல் நின்றுகொண்டிருந்தேன். வலது கையின் நடுவிரலும் மோதிர விரலும் மடங்கவில்லை. என் மனைவி பாட்டிலை வாங்கித் திறந்து வைத்துவிட்டு விரல்களைப் பிடித்துப் பார்த்தாள். எந்தெந்த நாளில் வலிக்கிறது என்று கேட்டாள். யோசித்துச் சொன்னேன்: செவ்வாய், வியாழன், சனி.

“நீங்க எண்ணுறதுக்குத்தானே போறீங்க? விரல் ஏன் வலிக்குது?” என்றாள்.

அவள் கேலியாகத்தான் கேட்டாள். அந்த இரண்டு விரலும் மூட்டையின் வாரில் மாட்டுகிறவை என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது.

செவ்வாய்க்கிழமை, பெட்டிகளை எடை போடும் கொக்கித் தராசு ஒன்றை எடுத்துப் போனேன். அதை வாரில் மாட்டி, தராசை என் விரலில் பிடித்துக்கொண்டேன். டிரைவர் எப்போதும்போலத் தூக்கினார், நான் எப்போதும்போல எண்ணினேன். முள் பதினெட்டில் நின்றது. இன்னொரு முறை தூக்கச் சொன்னேன். மறுபடியும் பதினெட்டுதான்.

சொல்லாமலே விட்டிருக்கலாம். விட்டிருந்தால் வெள்ளிக்கிழமை அந்த அம்மாவைக் கட்டிப்பிடித்துக்கொண்டு இரண்டு பேருமாகத் தரையில் விழுந்திருப்பார்கள். அதனால் சொன்னேன்.

“அண்ணே, அம்பத்தெட்டு நீங்க தூக்கல. நாப்பதுதான் தூக்குனீங்க. மீதி நான்.”

அவர் தராசைப் பார்த்தார், பிறகு என் விரலைப் பார்த்தார். “மொதல்லேர்ந்தே இப்படித்தானா?”

“மொதல்லேர்ந்தே.”

அவர் உள்ளங்கையைத் துடைத்துக்கொண்டு குனிந்தார். என்னைத் தள்ளி நிற்கச் சொன்னார். மூட்டை பெஞ்சிலிருந்து ஒரு சாண் எழும்பி, திரும்ப உட்கார்ந்தது. மூன்று முறை அப்படியே ஆனது. பிறகு மூட்டைக்குப் பக்கத்திலேயே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார்.

“அந்த எடம் வேணாம்னு பொண்ணுகிட்ட சொல்லிட்டேன் மாஸ்டர். வேற யாருக்கோ குடுத்துட்டாங்க.”

துண்டைக்கூட எடுக்காமல் போய்விட்டார். எனக்கு அவமானமாக இருந்தது. புது மாப்பிள்ளை கம்பிக்கடியில் படுத்துக்கொண்டு கூப்பிட்டான். முதல் முறையாகக் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, பார்வையால் மட்டும் காவல் நின்றேன். அவனால் எட்டுக்கு மேல் முடியவில்லை. உடம்பு சரியில்லை போல மாஸ்டர் என்றான்.

புதன்கிழமை டிரைவருடைய நாள் இல்லை. ஆனாலும் வந்தார். என்னைப் பார்க்காமல் நேராக மூட்டையிடம் போனார். நான் குறுக்கே போய் நின்று, இரண்டு மாதமாகக் கேட்காத ஒரு கேள்வியைக் கேட்டேன்.

“அண்ணிக்கு இடது கால் எப்படி இருக்கு?”

“அதுக்கென்ன, நல்லாத்தான் இருக்கு. நேத்துகூடப் போர்வையை எத்தித் தள்ளுனா.”

மூட்டை போர்வையை எத்தாது. என்னிடம் யார் எதைச் சொன்னாலும் அது என் காதில் கிலோவாகத்தான் விழும், இது எங்கள் தொழிலுக்கே உள்ள வியாதி. அந்த அம்மாவை நான் ஒருநாளும் ஒரு ஆளாக நினைத்துப் பார்த்ததில்லை. ஐம்பத்தெட்டு என்று எழுதியிருந்தது, ஐம்பத்தெட்டுக்கு மணல் கொட்டினேன்.

மூட்டையை ஓரங்கட்டிவிட்டு நானே பெஞ்சில் உட்கார்ந்தேன். வலது கையையும் காலையும் செத்ததுபோல் போட்டுக்கொண்டு, இனி நான்தான் அண்ணி என்றேன். முதலில் அவர் சிரித்துவிட்டார். என் எடை எழுபத்தொன்று. நேராகத் தூக்கினால் அசையவில்லை. என்னை முன்னால் இழுத்து, என் மோவாய் அவர் தோளைத் தாண்டும்வரை சாய்த்தால் பாரம் தானாக என் இடது காலுக்கு வந்தது. அந்தக் கால் கொஞ்சம் ஊன்றினால் எழ முடிந்தது. அப்படியே திரும்பி நாற்காலி. இரண்டு தடவை கீழே விரித்திருந்த மெத்தையில் உருண்டோம். புது மாப்பிள்ளை அதை வீடியோ எடுத்தான். போனைப் பிடுங்கி வைத்தேன்.

எனக்கு உண்மையில் கஷ்டமாக இருந்தது சும்மா இருப்பதுதான். ஊன்றலாம், ஆனால் நோயாளி ஊன்றுகிற அளவுக்குத்தான் ஊன்ற வேண்டும். ஒவ்வொரு தடவையும் அவர் என் காதுக்குள், “மாஸ்டர், உதவாதீங்க” என்றார். நான் உதவவில்லை என்று சொன்னால் அவர் நம்பவில்லை. நம்புவதற்கு நான்தான் என்ன செய்திருந்தேன்?

வெள்ளிக்கிழமை என்னையும் வரச் சொன்னார். வக்கீலம்மாவின் வகுப்பை மாற்றிவிட்டுப் போனேன். சுத்தமான சிறிய அறை, ஜன்னல் ஓரத்தில் கட்டில், பக்கத்தில் சக்கர நாற்காலி. பயிற்சி கொடுக்கும் பெண் அட்டையில் ஒரு படிவத்தைச் செருகிக்கொண்டு நின்றாள். கட்டிலில் இருந்த அம்மா என்னை மேலும் கீழும் பார்த்தார். மூட்டையைவிடச் சிறியவராக இருந்தார்.

டிரைவர் நாற்காலியின் பிரேக்கைப் போட்டார். அதை இன்னொரு தடவை அழுத்திப் பார்த்தார், வண்டி ஓட்டுகிறவர் அல்லவா. மனைவியைக் கட்டில் விளிம்புக்கு நகர்த்தி, அவர் முட்டிக்கு எதிரே தன் முட்டியை வைத்து, கைகளைச் சுற்றிக் கோத்துக்கொண்டார். மெல்ல எண்ண ஆரம்பித்தார். என்னுடைய ராகத்திலேயே எண்ணினார்.

எல்லோரும் அவர் முகத்தைப் பார்த்தார்கள். நான் தரையைப் பார்த்தேன், பாரம் எங்கே இறங்குகிறது என்று பார்ப்பது என் பிழைப்பு. அந்த அம்மாவின் இடது பாதம் விரல்களை அகட்டித் தரையைப் பிடித்துக்கொண்டது. நகங்கள் வெளுத்தன. கெண்டைக்கால் இறுகி, காலே நடுங்கியது. எழுந்தார்கள், திரும்பினார்கள், நாற்காலியில் உட்கார்ந்தாயிற்று. திரும்பக் கட்டிலுக்கு மாற்றச் சொன்னாள் அந்தப் பெண். மாற்றினார். இன்னொரு முறை நாற்காலிக்கு என்றாள். அதுவும் ஆனது. அவள் படிவத்தில் கையெழுத்துப் போட்டு, திங்கட்கிழமை வீட்டுக்குப் போகலாம் என்றாள்.

டிரைவர் மூச்சு வாங்கியபடி மனைவியிடம் குனிந்தார். பட்டவர் அல்லவா, சந்தேகம் போகவில்லை.

“நீ எவ்வளவு ஊன்றினே?”

அந்த அம்மா ஒரு பக்கமாக இழுத்த வாயால், ஒவ்வொரு சொல்லாகச் சொன்னார். “எங்க ஊன்றினேன்? எல்லாம்... நீங்கதான்.”

அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். “நெசமா மாஸ்டர்?”

ஆமாம் என்று சொல்வது எனக்கு மூச்சு விடுகிற மாதிரி. பதினோரு வருடப் பழக்கம் நாக்கு நுனிவரை வந்துவிட்டது.

“இல்லண்ணே. அண்ணி பொய் சொல்றாங்க. பாதிக்குப் பாதி அவங்கதான் எழுந்தாங்க.”

தொழில் ரகசியத்தைப் போட்டுக்கொடுத்தவனைப் பார்ப்பதுபோல அந்த அம்மா என்னை முறைத்தார். டிரைவர் நாற்காலிக்கு முன்னால் தரையில் உட்கார்ந்து, இன்னும் நடுங்கிக்கொண்டிருந்த அந்த இடது காலை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு அழுதார்.