மூத்த மகனின் பெயர்

நியாகுதியின் நாவலுக்கு லண்டனில் பரிசு கிடைத்த செய்தியைக் கேட்டபோது என் வயிறு எரிந்தது. இதை மறைத்துப் பேச எனக்குத் தெரியாது. எங்கள் ஊர் கராட்டினாவின் பள்ளியில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவர்கள் நாங்கள். பதினெட்டு வருஷமாக அவள் லண்டனில் இருந்துகொண்டு ஆங்கிலத்தில் எழுதுகிறாள். நான் ஊரை விட்டு நகராமல் எங்கள் கிக்குயு மொழியில் மூன்று நாவல் எழுதினேன். அச்சான பிரதிகள் கட்டுப் பிரிக்காமல் என் கட்டிலடியில் கிடக்கின்றன. ஆப்பிரிக்காவின் குரல் என்று பத்திரிகைகள் அவளைக் கொண்டாடின. அந்தக் குரலுக்கு எங்கள் சந்தையில் உருளைக்கிழங்கு பேரம் பேச வருமா?

பிறகு அவளே போன் செய்தாள். நாவல் கிக்குயுவில் வர வேண்டுமாம், நான்தான் மொழிபெயர்க்க வேண்டுமாம். உடனே ஒத்துக்கொண்டேன். ஆசையால் அல்ல, எங்கே ஓட்டை என்று பார்க்கத்தான்.

ஏழாம் அத்தியாயத்தில் அகப்பட்டது. கதாநாயகி தன் மூத்த மகனுக்குத் தன் அப்பாவின் பெயரை வைக்கிறாள். எங்களில் மூத்தவனுக்குப் புருஷனுடைய அப்பாவின் பெயர்தான். தாய்வழித் தாத்தா இரண்டாமவன் பிறக்கும்வரை காத்திருக்க வேண்டும். கல்யாணம் ஆகாமல் பெற்றவள்தான் இப்படி வைப்பாள். ஒரு போன் செய்தால் போதும். நான் செய்யவில்லை. உள்ளதை உள்ளபடியே எழுதி அனுப்பிவிட்டு நிம்மதியாகத் தூங்கினேன்.

வெளியீட்டு விழா கராட்டினாவிலேயே நடந்தது. நியாகுதி கல்யாணக் காட்சியை வாசித்துவிட்டு, பெயர் வைக்கும் இடத்துக்கு வந்தாள். சந்தையில் பீன்ஸ் விற்கும் வஞ்சுகு அம்மாள் எழுந்து நின்றாள்.

"ஏம்மா, மூத்தவனுக்கு இவ அப்பன் பேரா? அப்போ இவளுக்குக் கல்யாணமே ஆகலையா? பொண்ணு கேட்டுப் பரிசமா அத்தனை ஆடு ஓட்டிட்டு வந்தாங்கன்னு இப்பதானே வாசிச்ச? அந்த ஆடெல்லாம் எங்க போச்சு?"

மண்டபமே சிரித்தது. நானும் குனிந்து வாயைப் பொத்திக்கொண்டேன். தப்பு தன்னுடையதுதான், மொழிபெயர்த்தவள் மேல் பழி இல்லை என்று நியாகுதி மைக்கில் சொன்னாள். எனக்கு இனித்தது.

விழா முடிந்து டீ குடிக்கும்போது பக்கத்தில் வந்து உட்கார்ந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"தூரத்துல இருந்து என்னவெல்லாம் மறந்தேன்னு எனக்கே தெரியல, வமைதா. அதான் உன்கிட்ட குடுத்தேன். நீ பாக்கலையாடீ?"

"கவனிக்கல," என்றேன்.

அவள் முகம் தெளிந்தது. "இங்கேயே இருக்கற உனக்கே மறந்து போச்சுன்னா நான் எம்மாத்திரம்? போகட்டும் விடு. நாம ரெண்டு பேரும் ஒண்ணுதான்."

ஒன்றா? கவனிக்கவில்லை என்ற அந்தப் பொய்யோடு நிறுத்தியிருந்தால் சிநேகிதம் பிழைத்திருக்கும். அவளிடம் இல்லாமல் என்னிடம் இருந்தது ஊர் வழக்கம் மறக்காத அந்த ஞாபகம் ஒன்றுதான். அதிலும் அவளுக்குப் பங்கு கொடுக்க எனக்கு மனம் வரவில்லை.

"எனக்கா மறக்கும்? அன்னைக்கே பாத்தேன். ஊரு சிரிக்கட்டும்னுதான் விட்டேன்."

நியாகுதி மெதுவாகத் தன் கையை எடுத்துக்கொண்டாள். எங்களுக்குள் ஒருநாளும் பேசாத ஆங்கிலத்தில் எனக்கு நன்றி சொல்லிவிட்டு எழுந்து போனாள்.