சாக்கடை பார்த்து வாங்கிய பங்கு

முப்பத்தொரு ஆண்டுகள் நகரத்துச் சுகாதார ஆய்வாளராக இருந்தவர் அவர். ஆகவே, ஒவ்வொரு கட்டடத்தின் உண்மையும் அதன் பின்புறத்துச் சாக்கடையில்தான் இருக்கிறது என்று அவர் நம்பியதில் வியப்பில்லை. எந்த உணவகத்துக்குள்ளும் அவர் முன்வாசல் வழியாக நுழைந்ததில்லை. மேசை விரிப்பையும் பூச்சாடியையும் பார்க்க வாடிக்கையாளர்கள் இருக்கிறார்கள். பாத்திரம் கழுவிய நீர் எங்கே போய் விழுகிறது என்று பார்க்க அவர் ஒருவர்தான் இருந்தார். குனிந்து, மூக்கை நீட்டி, ஒருமுறை மோந்து பார்ப்பார். குமட்டினால் அபராதம், குமட்டாவிட்டால் சான்றிதழ். அலுவலகத்தில் அவருக்கு ‘மூக்கு சார்’ என்று பெயர். அதை அவர் ஒரு பட்டமாகவே ஏற்றுக்கொண்டார். அருவருப்பு மற்றவர்களுக்கு வேதனை. அவருக்கோ அதுதான் சோறு போட்டது.

ஓய்வு பெற்ற அன்று ஒரு மொத்தத் தொகை வந்தது. மாதந்தோறும் ஓய்வூதியம் தரும் வழக்கம் அந்தத் துறையில் இல்லை. தொகையை அன்றைக்கே மனைவியின் பெயரில் வங்கியில் போட்டுவிட்டார். பலர் கை பட்ட நோட்டு என்றாலே கை கழுவ ஓடுகிறவர் அவர்.

மனைவி ஒரு பெரிய சலவை நிலையத்தின் இஸ்திரிப் பிரிவில் இருந்தாள். நாளுக்கு ஒன்பது மணி நேரம் நின்றபடியே விடுதிகளின் படுக்கை விரிப்புகளைத் தேய்க்கும் வேலை. இரண்டு முழங்கால்களும் பரங்கிக்காய் போல வீங்கிக் கிடந்தன. மருத்துவர் எக்ஸ்ரே படத்தைப் பார்த்துவிட்டு, இந்த ஆண்டோடு நிற்கிற வேலையை விட வேண்டும், இல்லையேல் பிறகு நடப்பதே கடினம் என்று சொல்லிவிட்டார். வங்கி வட்டியோ அவளுடைய சம்பளத்தில் பாதிக்கும் வரவில்லை. தொகையை வேறெங்காவது போட்டு ஆண்டு தவறாமல் வருமானம் வந்தால் அவள் உட்காரலாம். வராவிட்டால் நிற்க வேண்டியதுதான். அந்த வீட்டில் அப்போது வேறு கேள்வியே இல்லை.

இந்த நேரத்தில்தான் அவளுடைய தம்பி வந்து சேர்ந்தான். பங்குத் தரகு நிறுவனம் ஒன்றில் வேலை. அவன் வருவதற்கு முன்பே அவனுடைய வாசனைத் தைலம் படியேறி வந்துவிடும். மூக்கு சார் சன்னலைத் திறந்து வைத்துவிட்டு உட்கார்ந்தார்.

“அத்தான், இது விலை ஏறும் எறங்கும்னு வாங்குற பங்கு இல்ல. மாடு மாதிரின்னு வச்சுக்குங்க. கறிக்கு விக்கிறதுக்கு வாங்கல, பாலுக்கு வாங்குறோம். வருஷா வருஷம் டிவிடெண்ட்.”

“கறக்கலைன்னா?”

“அதுக்குத்தான் முன்னுரிமைப் பங்கு. இத்தனை சதவீதம்னு முன்னாடியே எழுதிக் குடுத்துடுவான். லாபம் வந்தா முதல் பந்தி நமக்கு. மிச்சம் இருந்தாத்தான் சாதாரணப் பங்குக்காரனுக்கு. கம்பெனி கூட்டத்துல ஓட்டுப் போடுற உரிமை மட்டும் கிடையாது.”

“முதல் பந்தியில உக்காந்துட்டா ஆச்சா? தட்டுல ஏதாவது விழணுமே” என்றாள் அக்கா, வெந்நீர்த் தொட்டியில் கால்களை வைத்தபடி.

“அக்கா, நீ கொஞ்சம் சும்மா இரு. இது கணக்கு.”

“நான் எங்கடா சும்மா இருந்தேன், இருபத்திரண்டு வருஷமா?”

அவன் இரண்டு நிறுவனங்களின் ஆண்டறிக்கைகளை மேசைமேல் வைத்தான். ஒன்று பழச்சாறு அடைக்கும் நிறுவனம். முன்னுரிமைப் பங்குக்கு நூற்றுக்குப் பதினான்கு. வழவழப்பான தாளில் ஆரஞ்சுப் பழங்கள் சிரித்தன. மற்றொன்று, எலும்பைக் காய்ச்சிப் பசையும் மாத்திரைகளின் மேலுறையும் செய்யும் ஆலை, நூற்றுக்கு ஏழு. சாதாரணப் பங்குக்கும் இருபத்தாறு ஆண்டுகளாக இடைவிடாமல் ஈவுத்தொகை. அந்த அறிக்கையில் படமே இல்லை, மட்டமான தாள்.

“ரெண்டாவதை ஒப்புக்கு வச்சிருக்கேன் அத்தான். ஒண்ணைப் பாத்தாத்தானே இன்னொண்ணோட அருமை தெரியும்.”

“அறிக்கை எல்லாம் முன்வாசல் மாப்ள. நான் நேர்லயே போய்ப் பாத்துட்டு வர்றேன்” என்றார் மூக்கு சார்.

முதலில் எலும்பு ஆலைக்குப் போனார். பேருந்து நிறுத்தத்திலேயே நாற்றம் வரவேற்றது. தார்ப்பாய் போர்த்திய லாரிகள் வரிசையாக நின்றன. தார்ப்பாயின் ஓட்டைகள் வழியாக விலா எலும்புகள் துருத்திக்கொண்டிருந்தன. ஈக்கள் ஒரே குரலில் பாடின. சுற்றுச்சுவரை ஒட்டிப் பின்புறம் போனார். சாக்கடையின் மேல் சாம்பல் நிறத்தில் ஒரு கொழுப்பு ஆடை படர்ந்திருந்தது. அது அவ்வப்போது மூச்சு விடுவதுபோல எழும்பி, நடுவில் வெடித்து, உள்ளிருந்ததைக் காட்டியது. ஒரு காகம் அந்த ஆடையைக் கொத்தி இழுத்து விழுங்கிற்று. மூக்கு சாருக்குக் காலையில் குடித்த தேநீர் தொண்டைக்கு வந்தது. அந்த நீர் முதல் தொட்டியில் விழுந்து, அங்கிருந்து அடுத்த தொட்டிகளுக்குப் போவதைத் தொலைவிலிருந்து கண்டார். கடைசித் தொட்டி வரை நடந்து பார்ப்பதுதான் அவருடைய முறை. முப்பத்தொரு ஆண்டுகளில் எந்த ஆய்வையும் அவர் பாதியில் விட்டதில்லை. அன்று விட்டார். சுவரோரம் குனிந்து வாந்தி எடுத்துவிட்டுப் பேருந்தைப் பிடித்தார். இதை வீட்டில் அவர் சொல்லவில்லை.

பழச்சாறு நிறுவனம் வேறோர் உலகமாக இருந்தது. வெள்ளைச் சுவர், வெட்டிச் சீராக்கிய புல்தரை. வரவேற்பில் இருந்த பெண் கை துடைக்க ஈரத்துணி கொடுத்தாள். மூக்கு சார் மனம் குளிர்ந்தார். ஆயினும் கடமை தவறாமல் பின்புறம் போனார். அங்கே அவர் கண்ட சாக்கடையைப் போல ஒன்றைத் தம் பணிக்காலத்தில் அவர் கண்டதில்லை. சிமெண்டுத் தளம் பால்போல வெளுத்திருந்தது. கறையில்லை, பாசியில்லை, ஓர் ஈ இல்லை. குழாயின் வாயில் ஒரு சிலந்தி வலை கட்டியிருந்தது. அதுகூடத் துவைத்துக் காயப்போட்ட மெல்லிய துணிபோல இருந்தது. குனிந்து மோந்தார். ஒன்றுமே இல்லை. அவருக்குக் கண் கலங்கிற்று என்றுகூடச் சொல்லலாம். ‘மனிதர்கள் இப்படியும் தொழில் செய்கிறார்களே’ என்று எண்ணிக்கொண்டார்.

வீடு திரும்பியதும் மைத்துனனுக்குத் தொலைபேசியில் சொன்னார்: “பதினாலு சதவீதம்தான். நாளைக்கு ஃபாரத்தோட வா.”

மனைவி வேலையிலிருந்து வந்து, சுவரைப் பிடித்து மெல்ல உட்கார்ந்தாள். அவர் சாக்கடையின் பெருமையை அவளுக்கு விரித்துரைத்தார். அவள் பொறுமையாகக் கேட்டாள்.

“குழாய் வாயில சிலந்தி கூடு கட்டியிருந்துச்சா?”

“ஆமா. வெள்ளை வெளேர்னு, அழகா.”

“கிழியாமயா?”

“கிழியாம.”

“அப்ப அந்தக் குழாயில தண்ணி வந்து எத்தனை மாசமாச்சுங்க?”

மூக்கு சார் மேசைமேல் கிடந்த அறிக்கையைத் திரும்பிப் பார்த்தார்.

“எங்க சலவைக்கூடத்துல ஒரு நாள் லீவு விட்டாலே தரை காஞ்சுடும். பழம் கழுவுறான், பாட்டில் கழுவுறான்னா வாசனையாவது வர வேண்டாமா? வேலை நடக்குற எடம் அழுக்காத்தான் இருக்கும். அடுப்பு எரியாத வீட்டுல கரி எங்க இருக்கும்?”

காட்டில் ஒரு கரடி தேன் வணிகம் செய்த கதை உண்டு. ஒரு குடம் தேனை அதனிடம் கொடுத்து வைத்தால் மாதந்தோறும் ஒரு கிண்ணம் தேன் தரும். மானும் முயலும் வரிசையில் நின்று கொடுத்தன. “எவ்வளவு சுத்தமான நகங்கள்!” என்று கரடியின் கையைப் பார்த்து எல்லாம் மெச்சின. மரம் ஏறுகிற கரடியின் நகத்தில் பிசின் ஒட்டியிருக்க வேண்டுமே என்று ஒன்றுக்கும் தோன்றவில்லை. நேற்று வந்த முயலின் குடத்திலிருந்து இன்று மானுக்குக் கிண்ணம் நிரம்பியது. புதிய முயல் வராத மாதத்தில் கரடியும் இல்லை.

மூக்கு சார் அந்த வழவழப்பான அறிக்கையை எடுத்து, சிரிக்கும் பழங்களையெல்லாம் தள்ளிவிட்டு, பொடி எழுத்துப் பக்கத்துக்குப் போனார். தொழிலிலிருந்து வந்த பணம் என்ற இடத்தில் மூன்று ஆண்டுகளாகக் கழித்தல் குறி இருந்தது. புதிய முன்னுரிமைப் பங்குகளை விற்று வந்த பணம் என்று ஒரு வரி. கொடுத்த ஈவுத்தொகை என்று அதன் கீழே ஒரு வரி. இரண்டும் ஏறக்குறைய ஒன்று. பிறகு மட்டமான தாளை எடுத்தார். எலும்பு ஆலை தன் லாபத்தில் பாதியைத்தான் ஈவாகக் கொடுத்திருந்தது. மறுபாதி ஆலைக்கே போயிருந்தது.

அவருக்கு எலும்பு ஆலையில் வந்ததைவிடக் கொடிய குமட்டல் வந்தது. இம்முறை அது மூக்கின் வழியாக வரவில்லை.

மறுநாள் மைத்துனன் படிவத்தோடு வந்தான். மூக்கு சார் அந்த மூன்று வரிகளின்மேல் விரலை வைத்தார்.

“இது உனக்குத் தெரியுமா மாப்ள?”

அவன் குனிந்து பார்ப்பதுபோலப் பார்த்தான். “தெரியும் அத்தான். அதனால என்ன? இன்னும் ரெண்டு வருஷம் கண்டிப்பா குடுப்பான். அதுக்குள்ள நாம வித்துட்டு வெளிய வந்துடலாம்.”

“யாருகிட்ட வித்துட்டு?”

“வாங்குறவன்கிட்ட.”

“உனக்கு இதுல எவ்வளவு?”

“எல்லாரும் வாங்குறதுதான். நூத்துக்கு அஞ்சு.”

மூக்கு சாருக்கு ஓர் உணவகத்து முதலாளி நினைவுக்கு வந்தான். சூப்பில் கரப்பான் கிடப்பதாக ஒருவர் சொன்னதும், ஓடிவந்து மன்னிப்புக் கேட்டு, கிண்ணத்தை உள்ளே எடுத்துப் போய், கரப்பானை எடுத்து எறிந்துவிட்டு, அதே சூப்பை அடுத்த மேசைக்கு அனுப்பியவன் அவன். அந்த முதலாளியாவது கரப்பானைத் தன் அக்காளின் கிண்ணத்தில் போடவில்லை.

“அந்த அஞ்சுல என் முழங்கால் ஒண்ணுக்கு எவ்வளவுன்னு பிரிச்சுச் சொல்லுடா. ரெண்டு இருக்கு” என்றாள் அக்கா. குரல் உயரவில்லை.

“அக்கா, நீ தப்பா எடுத்துக்கிற.”

“டீ ஆறிப்போச்சு. குடிச்சுட்டுக் கெளம்பு.”

அவன் குடிக்காமலே கிளம்பினான். மூக்கு சார் அந்தக் கோப்பையை இரண்டு விரல்களால் எடுத்துச் சென்று மூன்று முறை கழுவினார். பிறகுதான் வேறொரு உண்மை அவரைச் சுட்டது. மைத்துனன் பேராசையால் பொய் சொன்னான். தாமோ நாற்றத்துக்கு அஞ்சிப் பாதி ஆய்வோடு ஓடிவந்தார். எலும்பு ஆலையைப் பற்றி எல்லாவற்றையும் அவளிடம் சொன்னார், வாந்தி உட்பட.

“சரி. ஞாயித்துக்கிழமை என்னையும் கூட்டிட்டுப் போங்க. என் பேருல வாங்கப் போறது என்னன்னு நானும் பாக்கணும்.”

ஞாயிற்றுக்கிழமையும் ஆலை ஓடிக்கொண்டிருந்தது. அவள் அவருடைய தோளைப் பிடித்துக்கொண்டு சுவரோரமாக நடந்தாள், மூக்கைப் பொத்தவில்லை. மூக்கு சார் கைக்குட்டைக்குள்ளிருந்து உலகத்தைப் பார்த்தார். ஆடை படர்ந்த முதல் தொட்டி. நுரை பொங்கிய இரண்டாவது. மூன்றாவதில் நீர் மங்கலாக இருந்தாலும் அடி தெரிந்தது. கடைசிக் குழாயில் வெளியேறிய நீரை அவர் உள்ளங்கையில் ஏந்தி, கண்ணை மூடிக்கொண்டு மோந்தார். நாற்றம் இருந்தது, அழுகல் இல்லை. சட்டப்படி அபராதம் போட அதில் ஒன்றும் இல்லை. அது அவருக்கு ஏமாற்றமாகவே இருந்தது.

தொழிலாளி ஒருவர் ரப்பர் குழாயால் தரையை அடித்துக் கழுவிக்கொண்டிருந்தார். அவள் அவரிடம் கேட்டாள்: “அண்ணே, எத்தனை ஷிப்டு ஓடுது?”

“மூணும்மா. மாத்திரை திங்கிறதை ஜனங்க நிறுத்தினா நாங்களும் நிறுத்துவோம்.”

“சம்பளம்?”

“ஒண்ணாந்தேதி.”

“எப்பவாவது தள்ளிப் போயிருக்கா?”

“நான் வந்து பதினெட்டு வருஷம். தள்ளிப் போனது என் மாமியார் மட்டும்தான். வீட்டுக்குள்ள இந்த வாடை அவங்களுக்கு ஒத்துக்கலை.” அவர் மூக்கு சாரைப் பார்த்தார். “சாருக்கு முடியலை போல. அந்தச் சுவரோரம் போங்க சார், எல்லாரும் அங்கதான்.”

மூக்கு சார் போனார்.

அவர் திரும்பி வந்தபோது அவள் பேருந்து நிறுத்தத்துப் பலகையில் உட்கார்ந்து, முந்தின நாள் வங்கியில் வாங்கி வைத்திருந்த படிவங்களை மடியில் விரித்திருந்தாள். பாதித் தொகையை ஆலையின் முன்னுரிமைப் பங்கில் போடுவதென்றும், கால்வாசியைச் சாதாரணப் பங்கில் போடுவதென்றும், மீதியை வங்கியிலேயே விடுவதென்றும் அவளே எழுதியிருந்தாள்.

“எல்லாத்தையும் ஒரே எடத்துல போட வேண்டாம். எலும்பா இருந்தாலும்.”

“அப்படிப் போட்டா உன் சம்பளம் அளவுக்கு வராதே. கால்வாசி குறையும்.”

“குறையட்டும். மாசம் எட்டு வாசனை சோப்பு வாங்குறீங்க. மூணு போதும்.”

அவர் தம் கைகளைப் பார்த்தார். வாழ்நாள் முழுவதும் எதிலிருந்து கழுவிக்கொண்டிருந்தாரோ, அதிலிருந்தே இனி உண்ண வேண்டும். சோப்பும் இல்லாமல். அந்த எண்ணம் அவருக்கு அடியோடு பிடிக்கவில்லை.

“கையெழுத்துப் போடுறேன். வேற ஏதாவது இருந்தா இப்பவே சொல்லுங்க.”

“நாறுது.”

“அது தெரியும். வேற?”

அவர் படிவங்கள் காற்றில் பறக்காமல் ஓரத்தைப் பிடித்துக்கொண்டார். அவள் மூன்று இடங்களில் கையெழுத்துப் போட்டாள். பிறகு தொலைபேசியை எடுத்துச் சலவை நிலையத்து மேற்பார்வையாளரை அழைத்து, இந்த மாதக் கடைசி வரைதான் வருவேன் என்று சொன்னாள். மறுமுனை ஏதோ நீளமாகப் பேசியது. “அதெல்லாம் யோசிச்சாச்சு சார்” என்று வைத்துவிட்டாள்.

பேருந்து வந்தது. உள்ளே இருவர் நிற்கக்கூட இடமில்லை என்று தோன்றியது. ஆனால் அவர்கள் ஏறியதும் ஒரு பெண் முந்தானையால் மூக்கைப் பொத்தினாள். ஒருவர் முகத்தைச் சுளித்து எழுந்து முன்னால் போனார். அவரைத் தொடர்ந்து இன்னும் மூவர் போனார்கள். பின்பக்கத்து நீள இருக்கை முழுவதும் காலியாயிற்று. தம்மைக் கண்டு பிறர் அருவருப்பதை மூக்கு சார் வாழ்வில் முதல்முறையாகக் கண்டார். கூனிக் குறுகிக் கம்பியைப் பிடித்தபடி நின்றுவிட்டார்.

அவள் சன்னலோரம் சாய்ந்து உட்கார்ந்து, செருப்பைக் கழற்றிவிட்டு, இரண்டு கால்களையும் இருக்கைமேல் நீட்டிக்கொண்டாள்.