முப்பத்தெட்டு லீட்டர் கிடாரம்

ஜென்சிக்கு பியர் காய்ச்சப் பழக்கியவளே ஆர்த்திகாதான். தன் செயின்ட்-மிஷேல் வீட்டு அடுப்பில், சோறு வடிக்கும் பானையில், ஒரு தடவைக்கு எட்டு லீட்டருக்கு மேல் ஆர்த்திகாவால் காய்ச்ச முடிந்ததில்லை. போன வருடம் புறநகரான பியர்பொன்ட்ஸில் வீடு வாங்கிப் போன ஜென்சியோ, முப்பத்தெட்டு லீட்டர் கொள்ளும் பெரிய கிடாரம் வாங்கி கராஜில் காஸ் அடுப்பில் ஏற்றியிருந்தாள். அடியில் குழாய் வேறு. கண்டதும் ஆர்த்திகாவுக்கு வயிறு எரிந்தது.

"இருபத்திமூண்டு லீட்டர் பியர் வேணும். எவ்வளவு தண்ணி விடோணும் எண்டு நீ பார்த்துச் சொல்லு," என்றாள் ஜென்சி.

ஆர்த்திகா கணக்குப் போட்டாள். ஆறு கிலோ முளைப்பார்லி ஆறு லீட்டரைக் குடிக்கும். கொதியில் நாலு போகும். அடிமண்டி இரண்டு. எல்லாமாக முப்பத்தைந்து லீட்டர். ஆனால் பார்லியைக் கொட்டினால் அதுவும் நாலு லீட்டர் இடத்தைப் பிடிக்கும். முப்பத்தொன்பது. கொள்ளாது.

"முப்பத்தஞ்சு விடு," என்றாள். மிச்சத்தைச் சொல்லவில்லை.

தண்ணீர் சுட்டதும் ஜென்சி பார்லியைக் கொட்டத் தொடங்கினாள். முக்கால்வாசி கொட்டியதும் தண்ணீர் விளிம்பைத் தாண்டி அவள் காலில் ஊற்றியது. அவள் பின்னால் சாய்ந்து சுவரைப் பிடித்தாள். ஆர்த்திகா ஓடிப்போய் காஸை நிறுத்தி, அவளைக் கூட்டிச்சென்று குளிர்ந்த குழாய்த் தண்ணீரில் காலைப் பிடித்தாள். பாதம் சிவந்திருந்தது.

"நான்தான் கூடக் கொட்டிப்போட்டன் போல," என்றாள் ஜென்சி.

"இல்லை. வழியும் எண்டு எனக்குத் தெரியும்."

"பேந்து ஏன் சொல்லேல்லை?"

"உன்ர கிடாரத்தைப் பார்க்கப் பொறுக்கேல்லை."

ஜென்சி காலை இழுத்துத் துடைத்துக்கொண்டாள். பிறகு, "இப்ப எவ்வளவு அள்ளோணும்?" என்று மட்டும் கேட்டாள்.

"அஞ்சு லீட்டர். அதைப் பேந்து பார்லியை வடிக்கேக்க மேல ஊத்தலாம்."

ஒரு மாதம் கழித்து ஜென்சி கூப்பிட்டு ஒரு கிளாஸ் ஊற்றிக் கொடுத்தாள். ஆர்த்திகா இதுவரை காய்ச்சிய எதுவும் அதன் கிட்ட வராது.

"நல்லாயிருக்கு," என்றாள்.

"அடுத்ததுக்கு நானே கணக்குப் பார்த்திட்டன்," என்று ஜென்சி ஒரு தாளை நீட்டினாள். ஆர்த்திகா வரிவரியாகப் பிழை தேடினாள். ஒன்றுகூட இல்லை.