வேகமாக ஓடிய டேப்

வானொலியின் வரலாறு அக்காவுக்குத் தலைகீழ்ப் பாடம். கூடப்பிறந்தவள் இல்லை; அவள் எடுக்கும் ஆவணப்படங்களை வெட்டி ஒட்டுவது என் பிழைப்பு. அவள் வீட்டு முன்னறைதான் எங்கள் எடிட்டிங் அறை. அங்கே அவள் வைத்ததுதான் சட்டம். எதிர்த்துப் பேசினால் எரிந்து விழுவாள்.

அவள் பெயரெடுத்தது ஒரு பொய்ச் செய்தியைப் பற்றிய படத்தில். ஊர்வலத்தைச் சுட்டுத் தள்ளிய அன்று மாலை, ‘உயிர்ச்சேதம் எதுவும் இல்லை’ என்று வானொலியில் யாரோ வாசித்தார்கள். அன்று பணியில் இருந்த வாசிப்பாளர்கள் இருவர். ஒருவர் அக்காவின் அப்பா. வாசிக்க மறுத்துவிட்டார் என்பது வீட்டுக் கதை. அக்கா கைக்குழந்தையாக இருந்தபோதே இறந்துபோய்விட்டார். நிலையத்தில் டேப்புகளை அழித்து அழித்துப் பயன்படுத்துவார்கள். அவர் குரல் எங்கும் மிஞ்சவில்லை. இன்னொருவருக்குக் கீச்சுக்குரல். தப்பிப் பிழைத்த ஒரே டேப்பிலும் கீச்சுக்குரல். அப்புறம் என்ன, படத்தில் அவர் பெயரைப் போட்டுவிட்டாள்.

கிழவர் நேரில் வந்தார்.

“அது என் குரல் இல்லம்மா. நல்லாக் கேளு.”

“மாட்டிக்கிட்டா எல்லாரும் இப்படித்தான் சொல்வாங்க.”

அவர் வீட்டுச் சுவரில் கரி பூசினார்கள். பெற்ற மகனே பேச்சை நிறுத்தினான். செத்தபோது தூக்க நாலு பேர் தேறவில்லை.

போன வாரம், மறு ஒளிபரப்புக்காக அந்த டேப்பைப் புது மெஷினில் போட்டோம். கனத்த, நிதானமான குரல் வந்தது. அன்று படத்துக்காக நகலெடுத்த இரவல் மெஷின் வேகமாக ஓடியிருக்கிறது. வேகம் கூடினால் குரல் கீச்சிடும் என்பது எங்கள் தொழிலில் பச்சைப்பிள்ளைக்கும் தெரியும். ஆள் அகப்பட்ட சந்தோஷத்தில் ஒருவரும் சோதிக்கவில்லை.

சமையலறையிலிருந்து அக்காவின் அம்மா ஈரக்கையோடு ஓடிவந்தார்.

“உங்கப்பாடி! எங்கடி கிடைச்சது? இன்னொரு தடவ போடு!”

முகமெல்லாம் சிரிப்பு. வாசித்தது என்ன என்பது காதில் ஏறச் சற்று நேரம் பிடித்தது. பிறகு சுவரோரம் உட்கார்ந்துவிட்டார்.

அக்கா மைக்கை இழுத்துக்கொண்டு, என்னைப் பதிவு செய்யச் சொன்னாள். “அந்தச் செய்தியை வாசித்தவர் என் அப்பா,” என்று தொடங்கினாள்.

“மானத்தோட போய்ச் சேந்த மனுஷன ஏன்டி சந்தி சிரிக்க வைக்கிற?” அம்மா கத்தினார்.

“அந்த மானம் இன்னொருத்தர்கிட்டேருந்து நான் புடுங்கினதும்மா.”

அம்மா என் பக்கம் திரும்பிக் கையெடுத்துக் கும்பிட்டார்.

“நீயாவது நிறுத்துப்பா.”

நான் நிறுத்தவில்லை.