வெறும் தண்ணி

பிளம்பர் அதுவரை ஏழு தடவை குடியை விட்டிருந்தார். ஏழு தடவையும் தண்டோரா போடாத குறைதான். மனைவியிடம் சொன்னார், மச்சானிடம் சொன்னார், ஹார்டுவேர் கடைக்கு ஆணி வாங்க வந்தவர்களைக்கூட நிறுத்திவைத்துச் சொன்னார். ஏழாவது தடவை முப்பது நாள் தாக்குப்பிடித்தார். முப்பத்தொன்றாம் நாள், முப்பது நாள் குடிக்காமல் இருந்ததைக் கொண்டாட வேண்டாமா என்று நண்பர்கள் கேட்டார்கள். கேள்வி நியாயமாகத்தான் பட்டது. கொண்டாடிவிட்டு வந்தவர், படுக்கையறை என்று நினைத்து அலமாரியைத் திறந்து, உள்ளே ஏறி நின்றுகொண்டு, "யாருப்பா லைட்டை அணைச்சது" என்று சத்தம் போட்டார். மறுநாள் காலை மனைவி பெட்டியைக் கட்டிக்கொண்டு அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டாள். தனியாக ஒரு வீடு பார்த்துக்கொள்ளப்போவதாகப் போகும்போது சொன்னாள். கோபமாகச் சொல்லியிருந்தால் பரவாயில்லை. சாவகாசமாகச் சொன்னாள்.

எட்டாவது தடவை அவர் ஒருவரிடமும் மூச்சுவிடவில்லை. நேராக ஒரு டாக்டரம்மாவிடம் போனார். ஏழு தடவை தோன்றாத புத்தி எட்டாவது தடவையாவது தோன்றியதே என்று நாம் சந்தோஷப்பட்டுக்கொள்ள வேண்டியதுதான்.

"நீங்களா தடாலடியா நிறுத்திடாதீங்க" என்றார் டாக்டரம்மா. "வருஷக்கணக்காக் குடிச்ச உடம்பு. கை நடுங்கும், வேர்த்துக் கொட்டும், சிலருக்கு வலிப்பே வரும். மாத்திரை தரேன். நான் சொல்ற மாதிரி நிறுத்தணும்."

ஸ்கேன் படத்தைக் காட்டிக் கல்லீரல்தான் உடம்புக்கு ஃபில்டர் மாதிரி என்று விளக்கினார். தொழில் பேச்சு வந்ததும் பிளம்பர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"அடைப்பாம்மா?"

"அடைப்பு இல்ல. கொழுப்பு படிஞ்சிருக்கு."

"ஆசிட் ஊத்தினாப் போயிடுமா?"

டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றிவிட்டு அவரைப் பார்த்தார். "ஊத்தறதை நிறுத்தினாலே போயிடும். உங்களோடது இன்னும் சரியாயிடுற கட்டத்துலதான் இருக்கு. தண்ணியை விட்டுடுங்க. விட்டுட்டு, நிறையத் தண்ணி குடிங்க."

பிளம்பர் கையை உயர்த்தி அவரை நிறுத்தினார். "ரெண்டுல ஒண்ணு சொல்லுங்கம்மா."

டாக்டரம்மா பெருமூச்சு விட்டுவிட்டு, சீட்டில் கொட்டை எழுத்தில் 'வெறும் தண்ணி' என்று எழுதி, 'வெறும்' என்பதன் கீழே இரண்டு கோடு போட்டுக் கொடுத்தார். சாயங்காலமானால் கை தன்னால் பாட்டிலைத் தேடும், அப்போதெல்லாம் இதைக் குடியுங்கள் என்றார்.

முதல் இரண்டு வாரத்தை அவர் எப்படித் தள்ளினார் என்று கேட்காதீர்கள். மூன்றாவது வாரம் ஒரு நாள் படுத்தவர் விடிந்துதான் எழுந்தார். அப்படி எழுந்து எத்தனை வருஷம் ஆயிற்று என்று அவருக்கே நினைவில்லை. முகத்தின் வீக்கம் வடிந்ததும், இத்தனை நாள் எங்கேயோ போயிருந்த தாடை எலும்பு வெளியே வந்தது. பெல்ட்டில் புதிதாக இரண்டு ஓட்டை போட வேண்டியிருந்தது. ரத்த அழுத்தம் இறங்கியது. பைப் மரையில் டேப் சுற்றும்போது கை ஆடவில்லை. ஞாபகசக்தி திரும்பி, தொலைந்துபோன மூன்று ரெஞ்சுகளை வைத்த இடம் பளிச்சென்று நினைவுக்கு வந்தது. மூன்றும் மூன்று வீட்டுத் தண்ணீர்த்தொட்டிக்குள் இருந்தன. மூக்கும் திரும்பியது. சாக்கடைக் குழாயில் கை விடுகிறவருக்கு இதில் பெரிய லாபம் இல்லை, ஆனாலும் அவர் அதையும் ஆசையாக வரவேற்றார்.

கஷ்டம் என்னவென்றால், இவ்வளவு நல்ல சேதியையும் வாய்க்குள்ளேயே பூட்டிவைக்க வேண்டியிருந்தது. கல்லீரல் ரிப்போர்ட்டில் கொழுப்பு நன்றாகக் குறைந்திருந்த அன்று, அவர் ஒரு பழைய கெய்சரிடம் போய் அதைப் படித்துக்காட்டினார்.

மனைவியின் அண்ணன், அதாவது மச்சானைப் பற்றிச் சொல்ல வேண்டும். தேர்வு அறையில் மேற்பார்வை செய்தே ஓய்வு பெற்றவர். செருப்புச் சத்தமே கேட்காமல் நடப்பார். யாரைப் பார்த்தாலும், இவன் சட்டைக்குள் பிட்டு வைத்திருப்பானோ என்றுதான் அவருக்கு முதலில் தோன்றும். தங்கை பார்த்துவைத்த தனி வீட்டுக்கு அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்னால் மாப்பிள்ளையின் நிலவரத்தை ஒரு தடவை பார்த்துவிடுவோமே என்று நோட்டும் கையுமாகக் கிளம்பினார். பிளம்பர் வேலை செய்துகொண்டிருந்த வீட்டைக் கண்டுபிடித்து அவர் போய்ச்சேர்ந்தபோது, பிளம்பர் வால்வு வாங்கக் கடைக்குப் போயிருந்தார். டைல்ஸ் பதிக்கும் கூட்டாளி மட்டும் சமையலறைத் தரையில் உட்கார்ந்திருந்தார். இரண்டு மாதமாகத்தான் பிளம்பரோடு சேர்ந்து வேலை செய்கிறவர். சாராய பாட்டிலைக் கண்ணால்கூடப் பார்க்காத மனிதர்.

மச்சானோ கௌரவமான ஆள். குடி, சாராயம் என்றெல்லாம் அவர் வாயில் வராது. குரலைத் தாழ்த்தி, "தண்ணியெல்லாம் எப்படி?" என்று கேட்டார்.

"யாரு, நம்ம பிளம்பரா? விடாம குடிப்பாருங்க."

"விடாமயா?"

"காலையில எழுந்ததும் ரெண்டு டம்ளர். அப்புறம் வேலைக்கு நடுவுல மணிக்கு ஒரு தடவை. சாயங்காலம் கேட்கவே வேண்டாம், அப்பதான் கை ரொம்பத் தேடுமாம்."

"எதைக் கலந்து?"

"எதையும் கலக்க மாட்டாரு."

"ராவாவா?" மச்சானின் பேனா நின்றுவிட்டது.

"ராவாத்தான். எப்பவாவது எலுமிச்சம்பழம் பிழிஞ்சுப்பாரு. டாக்டரே எழுதிக் கொடுத்திருக்காங்களாம், சீட்டைப் பர்ஸுலயே வச்சிருக்காரு." டைல்ஸ்காரர் பூச்சுக் கரண்டியை வைத்துவிட்டு மனதாரச் சொன்னார். "என்னையும் பழக்கிவிட்டுட்டாருங்க. இப்ப நானும் வீட்டுல பிள்ளைங்களும் அதேதான்."

மச்சான் நோட்டை மூடினார். நாற்பது வருஷ மேற்பார்வையில் அவர் இப்படி ஒரு கேஸைப் பார்த்ததில்லை.

மறுநாள் காலை மனைவியே அந்த வீட்டுக்கு வந்துவிட்டாள், கூடவே மச்சானும். பிளம்பர் அப்போது சிங்க்குக்குக் கீழே இருந்த அலமாரிக்குள் மல்லாந்து படுத்து, கழற்றிய குழாயின் வாயை உள்ளங்கையால் அடைத்துப் பிடித்திருந்தார். கையை எடுத்தால் ஒரு வாரத்துக் கழிவுநீர் முகத்தில் கொட்டும். வெளியே தெரிந்தது இரண்டு கால்கள் மட்டும்தான். மனைவி அந்தக் கால்களிடம் பேசினாள்.

"நான்தான் வந்திருக்கேன்."

கால்கள் இரண்டும் விறைத்துக்கொண்டன. மூன்று மாதமாக அவர் கேட்காத குரல்.

"ஒண்ணே ஒண்ணு கேட்கணும். உண்மையைச் சொல்லுங்க. இன்னிக்குத் தண்ணி ஆச்சா?"

நேற்று வந்துபோன மச்சான் எப்படியோ விஷயத்தைக் கண்டுபிடித்துச் சொல்லிவிட்டார், இவள் தன் உடம்பைப் பற்றி விசாரிக்கிறாள் என்று பிளம்பர் உள்ளே உருகிப்போனார். "ஆச்சு, ஆச்சு. இதுவரைக்கும் ஒரு லிட்டர் உள்ளே போயிருக்கு."

"மணி பத்தரைதானே ஆகுது?"

"காலையிலேயே ஆரம்பிச்சாத்தான் நல்லது. வயிறு சுத்தமாகுது."

"வெட்கமா இல்ல?"

"முதல்ல கொஞ்சம் கூச்சமாத்தான் இருந்தது. அடிக்கடி பாத்ரூம் போகணும் பாரு. இப்பப் பழகிடுச்சு. நீயும் குடி. உன் தோலுக்கு ரொம்ப நல்லது."

மச்சான் நோட்டில், 'தங்கையையும் கூப்பிடுகிறார்' என்று எழுதிக்கொண்டார்.

மனைவி முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள். "சரி. கேட்டுட்டேன். சாயங்காலம் அந்த வீட்டுக்கு அட்வான்ஸ் கொடுத்துடறேன். இனிமே நீங்க உங்க பாட்டைப் பாருங்க. என்ன வேணாலும் குடிங்க, எவ்வளவு வேணாலும் குடிங்க."

பிளம்பருக்குத் திடுக்கென்றது. கை தானாக நழுவியது. ஒரு வாரத்துக் கழிவுநீர் வஞ்சனையில்லாமல் முகத்தில் இறங்கியது. இருமிக்கொண்டே வெளியே ஊர்ந்து வந்து, காதில் ஒரு வெங்காயத் தோலோடு தரையில் உட்கார்ந்தார்.

"தண்ணி குடிச்சதுக்கா தனி வீடு பாக்குற?"

"வேற எதுக்கு?"

பக்கத்தில் வேலையாக இருந்த டைல்ஸ்காரருக்கு ஒன்றுமே புரியவில்லை. ஆனால் சண்டை தண்ணியைப் பற்றி என்ற வரைக்கும் புரிந்தது. சரியில்லாத தண்ணியோ என்னவோ என்று ஓடிப்போய்ப் பிளம்பரின் பாட்டிலைக் கொண்டுவந்து நீட்டினார். மனைவி மூடியைத் திறந்து முகர்ந்தாள். நாக்கில் ஒரு சொட்டு விட்டுப் பார்த்தாள். பிறகு மடமடவென்று பாதி பாட்டிலைக் குடித்தாள். மச்சான் வாங்கி வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, முகர்ந்து, அவரும் குடித்தார். அவருக்கு இன்னும் சந்தேகம் போகாமல் இன்னொரு வாய் குடித்தார்.

"தண்ணி" என்றார்.

"அதைத்தானேங்க நேத்திலிருந்து சொல்றேன்" என்றார் டைல்ஸ்காரர்.

மனைவி பிளம்பருக்கு எதிரே தரையில் உட்கார்ந்தாள். அப்போதுதான் அவர் முகத்தைச் சரியாகப் பார்த்தாள். அழுக்கு வழிந்துகொண்டிருந்தாலும் கண்ணின் வெள்ளை உண்மையிலேயே வெள்ளையாக இருந்தது.

"ஊதுங்க" என்றாள்.

ஊதினார். சாக்கடை வாடைதான் வந்தது, வேறொன்றும் இல்லை.

"எத்தனை நாளு?"

"தொண்ணூத்தொரு நாளு."

"ஏன் சொல்லல? ஒரு போன் பண்ணியிருந்தா நான் ஏன் வீடு தேடி அலையப்போறேன்?"

பிளம்பர் காதிலிருந்த தோலை எடுத்துக் கையில் உருட்டினார். "ஏழு தடவை சொன்னேன். ஏழு தடவையும் நீ நம்பினே. ஒவ்வொரு தடவையும் பாட்டிலைத் தொடும்போது உன் முகம்தான் ஞாபகம் வரும். இந்தத் தடவையும் தவறிட்டா, நீ நம்பாம இருக்கறதே நல்லதுன்னு நெனச்சேன். ஏமாறுறது நான் ஒருத்தனாவே இருக்கட்டும்."

மச்சான் மேற்கொண்டு எழுதவில்லை. ஜன்னலுக்கு வெளியே ஏதோ முக்கியமான காட்சி நடப்பதுபோல அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார். மனைவி அழுதாள், மறைக்கவெல்லாம் இல்லை. புறங்கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு சொன்னாள். "நம்புறதும் நம்பாததும் என் இஷ்டம். அதை எனக்குப் பதிலா நீங்க முடிவு பண்ணாதீங்க. நாளைக்கே தவறினாலும் என்கிட்ட வந்து சொல்லணும்."

"சொல்றேன்."

"அலமாரிக்குள்ள நின்னுக்கிட்டு இல்ல. எதிர்ல நின்னு."

"எதிர்ல நின்னு சொல்றேன்."

வாசலில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த வீட்டுக்கார அம்மாள், இன்றைக்குள் சிங்க் சரியாகிவிடுமா என்று மெதுவாகக் கேட்டார். பிளம்பர் முகத்தைத் துடைத்துக்கொண்டு மறுபடி அலமாரிக்குள் புகுந்தார். மனைவி பக்கத்திலேயே உட்கார்ந்து உள்ளே டார்ச் அடித்தாள்.

மச்சான் தொண்டையைச் செருமினார். "அப்ப நான் கார் எடுத்துட்டு வரட்டுமாம்மா? வீட்டுக்குப் போகலாமா?"

"நீங்க போங்கண்ணே. இந்த வேலை முடிஞ்சதும் நாங்க பஸ்ஸுல வீட்டுக்குப் போய்க்கிறோம்."

"எந்த வீட்டுக்கு?"

"ஏண்ணே," என்றாள் அவள், டார்ச்சை நகர்த்தாமல், "எனக்கு எத்தனை வீடு இருக்கு?"