தெளிவில்லாத முந்நூற்றுப் பன்னிரண்டு

காந்தக்கையன் இருபத்திரண்டு வருஷம் கழித்துத் தொலைக்காட்சிக்குத் திரும்பி வந்தான். அவனை வரவேற்க ஆள் இருந்ததோ இல்லையோ, திட்டுவதற்கு நாற்பதாயிரம் பேர் தயாராக இருந்தார்கள். பழைய கார்ட்டூன் வந்த காலத்தில் அரைக்கால் சட்டையோடு பெட்டிக்கு முன்னால் உட்கார்ந்திருந்தவர்கள்தான். இப்போது தொந்தியும் வழுக்கையுமாக உட்கார்ந்து, "எங்க சின்ன வயசையே கொன்னுட்டீங்களே" என்று நெஞ்சில் அடித்துக்கொண்டு எழுதினார்கள். நிஜமாகவே ஒரு கொலை நடந்திருந்தால் சாட்சி சொல்ல இத்தனை பேர் வந்திருக்க மாட்டார்கள்.

நடந்த குற்றம் இதுதான். பழைய காந்தக்கையன் கையை நீட்டி, "வா என் கைக்கு!" என்று ஒரு சத்தம் போட்டால் ஊரிலுள்ள இரும்பெல்லாம் பறந்து வந்து உள்ளங்கையில் ஒட்டிக்கொள்ளும். புதியவனுக்குத் திக்குவாய். பகலில் பேருந்துப் பணிமனையில் வேலை பார்க்கும்போதும் திக்குவான், முகமூடியை மாட்டிக்கொண்டு உலகத்தைக் காப்பாற்றும்போதும் திக்குவான். "இவன் 'வா'ன்னு சொல்லி முடிக்கறதுக்குள்ள வில்லன் வீட்டுக்குப் போய் சாப்பிட்டுத் தூங்கியே எழுந்துடுவான்" என்று ஒருவர் எழுத, ஒன்பதாயிரம் பேர் சிரித்துவிட்டுப் போயிருந்தார்கள்.

இந்தச் சிரிப்பையும் வசவையும் படித்து வகை பிரிப்பதற்கென்றே ஒருத்தி இருந்தாள். தொலைக்காட்சி நிறுவனத்தின் மூன்றாம் மாடியில் ஜன்னல் இல்லாத ஒரு அறை. கணினியில் பாராட்டு, குறை, வசவு, சம்பந்தமில்லாதது என்று நான்கு பெட்டிகள். வெள்ளிக்கிழமை நான்கு மணிக்கு எல்லாவற்றையும் ஒரே பக்க அறிக்கையாகச் சுருக்கி மேலாளரிடம் தர வேண்டும். அலுவலகத்தில் அவளுக்கு 'வடிகட்டி' என்று பட்டப்பெயர். அதில் அவளுக்கு வருத்தம் கிடையாது. சொல்லப்போனால் கொஞ்சம் பெருமைதான்.

அவளுக்கு ஒரு தம்பி. லிஃப்ட் மெக்கானிக். அவனும் திக்கித்தான் பேசுவான்.

பள்ளிக்கூடத்தில் அவனை 'டிராக்டர்' என்று கூப்பிட்டார்கள். கிளம்புவதற்கு முன்னால் அத்தனை சத்தம் போடுகிறானாம். அவள் நான்கு வயது மூத்தவள். டிராக்டர் என்று கூப்பிட்ட இரண்டு பேருடைய சட்டையைக் கிழித்துவிட்டுத்தான் வீட்டுக்கு வந்தாள். அதோடு இன்னொன்றும் செய்தாள். தம்பி வாயைத் திறந்தால் மீதியை இவளே சொல்லிவிடுவாள். கடையில் அவன் "அரை" என்றால் "அரை கிலோ சர்க்கரை" என்பாள். டாக்டரிடம் அவன் வயிற்று வலியை இவள் விவரிப்பாள், எங்கே வலிக்கிறது என்பது உட்பட. அவனுக்கு இப்போது முப்பத்தாறு வயது. இன்னமும் அப்படித்தான். பாசம்தான், இல்லை என்று யார் சொன்னது? ஆனால் அவனுடைய முழு வாக்கியம் ஒன்றை அவள் கடைசியாக எப்போது கேட்டாள் என்று யாராவது கேட்டிருந்தால் திருதிருவென்று விழித்திருப்பாள்.

முதல் பகுதி ஒளிபரப்பான சனிக்கிழமை காலை தம்பி அவள் வீட்டுக்கு வந்தான். இரண்டு பேரும் டீயை வைத்துக்கொண்டு பார்த்தார்கள். பணிமனையில் புதிதாகச் சேர்ந்த காந்தக்கையன், மேற்பார்வையாளரிடம் தன் பெயரைச் சொல்ல வேண்டும். பதினோரு விநாடி ஆனது. காட்சி வேறெங்கும் போகவில்லை, அவன் முகத்திலேயே நின்றது. தம்பி முன்னால் சாய்ந்து உட்கார்ந்தான். அவன் உதடுகளும் கூடவே அசைந்தன. அவளுக்கு உடம்பெல்லாம் கூசியது. தலையைத் திருப்பிக்கொண்டாள்.

"என்ன கேவலம் இது? இதை வச்சு காமெடி பண்றாங்க பாரேன்."

"கா... கா... காமெடி இல்லக்கா, அ..."

"காமெடி இல்லாம வேற என்ன? நீ விடு, மனசுல வச்சுக்காதே. ரிப்போர்ட்ல நான் பாத்துக்கறேன்."

அவன் அவளைப் பார்த்தான். பிறகு டீயைக் குடித்தான். திரையின் அடியில் ஒரு தொலைபேசி எண் ஓடியது. கூப்பிட்டால் ஐந்து நிமிஷம் வரை பேசிப் பதிவு செய்யலாம்.

"இ... இதை யா..."

"யார் கேப்பாங்கன்னா? நான்தான். ஒண்ணு விடாம கேப்பேன்."

இது பொய். பேசி வரும் பதிவுகளை முதலில் ஒரு இயந்திரம் எழுத்தாக மாற்றும், அவள் அந்த எழுத்தைத்தான் படிப்பாள். இயந்திரத்துக்குப் புரியாதவை 'தெளிவில்லை' என்று தனியாக ஒரு பெட்டியில் விழும். அதில் பத்தில் ஒன்றையாவது காதால் கேட்டுவிட்டுத்தான் பெட்டியை மூட வேண்டும் என்பது விதி. வாரத்துக்கு இருபது, முப்பது வரும். கேட்டால் குக்கர் விசில், குழந்தை அழுகை, பாக்கெட்டில் இருந்த ஃபோன் தானாக அழுத்திக்கொண்டு போட்ட கரகரப்பு. அந்த முதல் பகுதிக்குப் பிறகு அவள் காந்தக்கையனைப் பார்க்கவில்லை. சனிக்கிழமை தம்பி வந்தால் டிவியைப் போட்டுக் கொடுத்துவிட்டுத் துணி துவைக்கப் போய்விடுவாள்.

ஐந்தாவது வாரம் 'தெளிவில்லை' பெட்டியில் முந்நூற்றுப் பன்னிரண்டு பதிவுகள் இருந்தன.

அவள் அந்த எண்ணைப் பார்த்தாள். பார்க்கவில்லை என்று சொல்ல முடியாது. பத்தில் ஒன்று என்றால்கூட முப்பத்தொன்று. மேலாளர் பின்னால் வந்து நின்றார்.

"மேடம், மேல மீட்டிங்ல எல்லாரும் உட்கார்ந்தாச்சு. இந்தத் திக்குவாய் விஷயத்துல இன்னிக்கு முடிவெடுத்தே ஆகணும். உங்க பேப்பருக்குத்தான் வெயிட்டிங்."

"தோ, முடிச்சிட்டேன் சார்."

லைன் கோளாறாக இருக்கும் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டு, 'பின்னணி இரைச்சல்' என்று குறித்தாள். 'மாதிரி கேட்கப்பட்டது' என்ற கட்டத்திலும் டிக் போட்டாள். முந்நூற்றுப் பன்னிரண்டும் ஒரே அழுத்தலில் போய்ச் சேர்ந்தன. அறிக்கையில், 'நாயகனின் திக்குவாய்: குறை 71 சதவீதம். பாராட்டு குறிப்பிடும்படி இல்லை' என்று எழுதினாள்.

அவசரம் மட்டும்தான் காரணம் என்று பிற்பாடு சொல்லிக்கொள்ளப் பார்த்தாள். அது பாதி உண்மை. மீதி உண்மை, அந்த எழுபத்தொன்றைப் பார்த்து அவளுக்கு உள்ளுக்குள் ஒரு நிம்மதி வந்தது. ஊரே சேர்ந்து தன் தம்பியைக் கேலி செய்வதாக அவள் நினைத்திருந்தாள். அது ஒழியட்டும் என்றிருந்தாள். அவனுக்காக யாரோ சட்டையைக் கிழித்துவிட்டு வந்த மாதிரி.

ஏழாவது பகுதியில் காந்தக்கையன் தலையில் ஒரு இரும்புக் கம்பி விழுந்தது. எழுந்தவன் கணீரென்று பேசினான். குரலை மறுபடி பதிவு செய்து, வாயசைவையும் திருத்தியிருந்தார்கள். ரசிகர்கள் ஆடித் தீர்த்துவிட்டார்கள். "எங்க ஆளு வந்துட்டான்டா!" அலுவலகத்தில் கேக் வெட்டினார்கள். வடிகட்டிக்கு ஒரு துண்டு பெரிதாகவே கிடைத்தது.

அந்தச் சனிக்கிழமையும் தம்பி வந்திருந்தான். கம்பி விழுந்த காட்சிக்கு அப்புறம் இரண்டு நிமிஷம் பார்த்தான். கோப்பையைக் கழுவி வைத்தான். "வே... வேலை" என்றான். "வேலை இருக்கா? சரி, போய்ட்டு வா" என்றாள் அவள். அடுத்த சனிக்கிழமை வரவில்லை. அதற்கடுத்த சனிக்கிழமையும் வரவில்லை.

ஒன்பதாவது வாரம் ஒலிப்பதிவாளர் மாடி ஏறி வந்தார். ஒரு சந்தைக் காட்சிக்குக் கூட்டத்தின் சத்தம் வேண்டுமாம்.

"உங்ககிட்ட இரைச்சல்னு ஒரு குப்பைப் பெட்டி இருக்குமே, அதைக் குடுங்க. அள்ளிக்கறேன்."

கொடுத்தாள். ஒரு மணி நேரத்தில் திரும்பி வந்தார். ஹெட்ஃபோன் கழுத்தில் தொங்கியது. முகம் சரியில்லை.

"மேடம், இதுல இரைச்சலே இல்ல. கதவைச் சாத்திட்டு, ஃபேனைக்கூட நிறுத்திட்டுப் பேசியிருக்காங்க. அத்தனை பேரும் திக்கிப் பேசறவங்க."

"எல்லாருமா?"

"நான் கேட்ட நாப்பதும். அஞ்சாவது எபிசோட் கடைசியில ஹீரோ நம்ம பக்கம் திரும்பி, 'எழுதாதீங்க, பேசுங்க, எவ்வளவு நேரம் ஆனாலும் கேக்கறேன்'னு சொல்வானே. அதைப் பாத்துட்டுப் பேசினவங்க. நீங்க பாக்கலையா?"

அவள் பார்க்கவில்லை. துணி துவைத்துக்கொண்டிருந்தாள்.

அன்றைக்கு அவள் வேறு எந்த வேலையும் செய்யவில்லை. முதலிலிருந்து கேட்டாள். ஒரு நீதிமன்ற எழுத்தர், இருபத்தாறு வருஷமாக ஃபோனை எடுத்ததே இல்லை, இதுதான் முதல் தடவை என்றார். அதைச் சொல்ல அவருக்கு ஒன்றரை நிமிஷம் ஆனது. ஒன்பது வயதுச் சிறுமி ஒருத்தி தன் பெயரைச் சொல்லவே அரை நிமிஷம் எடுத்துக்கொண்டாள். "கிளாஸ்ல பேர் கூப்பிடும்போது நான் இல்லாத மாதிரியே உட்கார்ந்திருப்பேன். ஆப்சென்ட் போட்டுடுவாங்க. நேத்து உள்ளேன்னு சொல்லிட்டேன். மிஸ் வெயிட் பண்ணாங்க." பெரும்பாலானவர்கள் கடைசியில் ஒன்றையே கேட்டிருந்தார்கள். மாத்திடாதீங்க.

இருநூற்றேழாவது பதிவில் முதலில் மூச்சுதான் கேட்டது. அந்த மூச்சு யாருடையது என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. நான்கு நிமிஷம் பத்து விநாடி. இடறி, நின்று, மறுபடி தொடங்கி அவன் சொன்னதை ஒழுங்குபடுத்தினால் இவ்வளவுதான்.

"அக்கா, நான்தான். நீதான் கேப்பேன்னு தெரியும். இங்க நீ குறுக்க பேச முடியாது, அதனாலதான் இதுல பேசறேன்." இந்த இடத்தில் அவன் சிரித்தான். "அன்னிக்கு நான் சொல்ல வந்தது வேற. அந்த மேற்பார்வையாளரைப் பாத்தியா? பேர் சொல்லி முடிக்கற வரைக்கும் சும்மா நின்னாரு. அதைப் பாருன்னுதான் சொல்ல வந்தேன். என்னைப் பாத்து யாரும் சிரிச்சிடக் கூடாதுன்னு நீ நினைக்கறே. எனக்குத் தெரியும். ஆனா சிரிக்கறவங்களாவது நான் சொன்னதைக் கேட்டுட்டுச் சிரிக்கறாங்கக்கா. அவனை மாத்த விட்டுடாதே. நீ சொன்னா கேப்பாங்க."

மூன்று தடவை கேட்டாள். மூன்றாவது தடவை அழுதாள். பிறகு மேலாளர் அறைக்குப் போய் நடந்ததை மறைக்காமல் சொன்னாள். அவர் கத்துவார் என்று எதிர்பார்த்தாள். கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"கதை எழுதினவங்க மூணு நாள் என்னோட சண்டை போட்டாங்க மேடம்" என்றார் அவர் மெதுவாக. "கடைசியா ஒண்ணே ஒண்ணுதான் கேட்டாங்க. யாராவது ஒருத்தர் இது பிடிச்சிருக்குன்னு சொன்னாங்களான்னு. நான் உங்க பேப்பரை எடுத்துக் காட்டினேன். அதோட வாயை மூடிட்டுப் போய்ட்டாங்க."

"இப்ப எதுவும் பண்ண முடியாதா சார்?"

"கடைசி எபிசோட் வரைக்கும் குரல் மாத்தியாச்சு. எழுதினவங்களும் வேலையை விட்டாச்சு. அன்னிக்கு ஒரு அரை மணி நேரம் வேணும்னு என்கிட்ட கேட்டிருக்கலாமே நீங்க. குடுத்திருப்பேனே."

மறுநாள் மதியம் தம்பி வேலை செய்யும் இடத்துக்குப் போனாள். ஆறு மாடிக் கட்டடம். லிஃப்ட்டுக்கு முன்னால் 'பழுது' என்று அட்டை வைத்திருந்தது. அவன் தரையில் உட்கார்ந்து, கதவு ஓடும் தடத்தில் அடைந்திருந்த மண்ணை ஸ்க்ரூடிரைவரால் சுரண்டிக்கொண்டிருந்தான். அவளைப் பார்த்ததும் நகர்ந்து இடம் கொடுத்தான். அவளும் தரையிலேயே உட்கார்ந்தாள். மூச்சு விடாமல் எல்லாவற்றையும் கொட்டினாள். முந்நூற்றுப் பன்னிரண்டு, டிக் போட்டது, எழுத்தர், சிறுமி, கதை எழுதினவங்க, எல்லாம். பேச்சு விஷயத்தில் அவளுக்கு என்றைக்குமே குறை கிடையாது.

அவன் கேட்டுக்கொண்டிருந்தான்.

"எ... என்னோடதையும் கே... கேட்டியா?"

"நேத்துதான் கேட்டேன்."

"மு... முழுசாவா?"

"முழுசா. மூணு தடவை."

அவன் தலையை ஆட்டினான். தடத்திலிருந்து ஒரு சின்னக் கல்லை எடுத்து ஓரமாக வைத்தான். கோபப்படுவான் என்று பார்த்தாள். அவன் யோசிப்பது வேறு எதையோ என்று தோன்றியது.

"அந்தச் சி... சின்னப் பொண்ணு," என்றான். அவள் வாய் திறக்கவில்லை. "அதுவும் ஏ... ஏழாவது எபிசோடைப் பா... பாத்திருக்கும்ல?"

பார்த்திருக்கும். சனிக்கிழமை காலை பெட்டிக்கு முன்னால் உட்கார்ந்து, கம்பி விழுவதையும், அவன் சரியாகி எழுவதையும், ஊரே கொண்டாடியதையும் பார்த்திருக்கும். மறுநாளைக்கு மறுநாள் வகுப்பில் பெயர் கூப்பிட்டிருப்பார்கள்.

அவள் அவன் பக்கம் திரும்பினாள். "என்னை..." என்று ஆரம்பித்தாள். அடுத்த வார்த்தை வரவில்லை. "என்னை..." என்றாள் மறுபடியும். அந்த வார்த்தை என்னவென்று யாருக்கும் தெரியும், அவனுக்குத் தெரியாதா? அவன் எடுத்துக் கொடுக்கவில்லை. ஸ்க்ரூடிரைவரைக் கீழே வைத்துவிட்டு, அவசரமே இல்லாத முகத்தோடு, அவள் சொல்லி முடிப்பதற்காகக் காத்திருந்தான். அவளால் முடியவில்லை.