மச்சான் முறையில் சொன்னது

விசாரணை அறைக்கு வெளியே கிடந்த பெஞ்சில் கபாம்ப்வேயும் ஜெரேயும் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள். ஜெரேயின் கழுத்திலிருந்து நெற்றிவரை புதுத்தோல் இழுத்துப் பிடித்திருந்தது. சிரித்தால் பாதி முகம்தான் சிரித்தது.

"என்னடா குரங்கு தின்னி, அப்படிப் பாக்குற? வெந்த மூஞ்சியப் பாத்ததும் பசி எடுக்குதா?"

'போடா எலி தின்னி' என்று கபாம்ப்வே அந்த நிமிஷமே திருப்பிக் கொடுத்திருக்க வேண்டும். கபாம்ப்வே பெம்பா இனத்தான், ஜெரே ங்கோனி இனத்தான். இந்த இரண்டு இனத்தாரும் பிறக்கும்போதே ஒருவருக்கொருவர் முறை மச்சான்கள். பாட்டன்மார் ஈட்டியால் மோதியதைப் பேரன்மார் வாயால் தீர்த்துக்கொள்கிறார்கள். சாவு வீட்டில் பிணத்தைக்கூடக் கேலி பண்ணலாம், யாரும் கோபித்துக்கொள்ளக் கூடாது. மச்சான் சொன்ன சொல்லுக்காகப் பஞ்சாயத்துக்குப் போனவனை ஊர் மனிதனாகவே மதிக்காது. ஆனால் கபாம்ப்வே பார்வையைத் தரைக்குத் திருப்பிக்கொண்டான்.

விபத்து நடந்தது அக்டோபர் வெயில் மண்டையைப் பிளந்த ஒரு நாளில். தாமிரக் கல்லை அரைக்கும் மில் ஒன்று நின்றுவிட்டது. அதற்கு மின்சாரம் தரும் பெரிய சுவிட்சான பிரேக்கரைப் பழுது பார்த்தாயிற்று, மறுபடி அதன் கூண்டுக்குள் தள்ளிச் செருக வேண்டும்; செருகும்போது தீ வெடித்துக் கிளம்பலாம். ஒன்று, அந்த வரிசைக்கே மின்சாரத்தை நிறுத்த வேண்டும். அப்படிச் செய்தால் அடுத்த மில்லும் நின்றுபோகும். இல்லையென்றால் தீப்பிழம்பு தாங்கும் உடுப்பைத் தலைமூடியோடு முழுக்க மாட்டிக்கொண்டு செருக வேண்டும். விதி அவ்வளவுதான். மேலாளரோ, "கல்லு மலையா குவியுதய்யா, என்ன பண்றீங்க?" என்று போனில் கத்திக்கொண்டே இருந்தார்.

ஜெரே அந்த உடுப்பின் கோட்டை மாட்டிக்கொண்டு, தலைமூடி எடுக்க ஸ்டோருக்குக் கிளம்பினான். அப்போதுதான் ஃபோர்மேன் கபாம்ப்வே வாயைத் திறந்தான்.

"சிங்கத்தக் குத்துன வம்சம்னு பீத்திக்குவ. ஒரு சுவிட்சுக்குப் போய் கல்யாணப் பொண்ணு மாதிரி முக்காடு தேடுறியேடா!"

சுற்றி நின்றவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். ஜெரேயும் சிரித்தான். வெறும் முகத்தோடு போய் பிரேக்கரை உள்ளே தள்ளும் கைப்பிடியைச் சுழற்றினான். கண்ணைப் பறிக்கிற வெளிச்சம், இடி விழுந்த சத்தம், பிறகு ஜெரேயின் அலறல். சுவிட்ச் அறைக் கதவுக்கு வெளியே நின்ற கபாம்ப்வேக்கு ஒரு முடி கருகவில்லை. கண்ணாடியில் தன் முழு முகத்தைப் பார்க்கும்போதெல்லாம் அவனுக்குக் கூசியது.

"உள்ள போய் எதையாவது உளறி வைக்காத," என்றான் ஜெரே தணிந்த குரலில். "தலைமூடிய நானே மறந்துட்டேன்னு சொல்லிக்கிறேன்."

"உன் வேலை போயிடும்டா."

"போனாப் போகுது. மச்சான் கேலிக்கு ரோஷப்பட்டு மூஞ்சியக் கருக்கிக்கிட்டான்னு எங்க ஆளுங்க சிரிக்கணுமா?"

உள்ளே பாதுகாப்பு அதிகாரி நமுகோலோ அம்மா தலைமூடி ஏன் போடவில்லை என்று கேட்டதும் ஜெரே, "மறந்துட்டேம்மா" என்றான்.

"மறக்கலம்மா," என்றான் கபாம்ப்வே. "எடுக்கப் போனவன நான்தான் பேசி நிறுத்தினேன்." என்ன பேசினான் என்பதையும் சொன்னான்.

அந்த அம்மா லேசாகச் சிரித்தார். "உங்க ரெண்டு பேருக்குள்ள அது வழக்கம்தானே? கேலியாத்தானே சொன்னீங்க?"

ஆமாம் என்று தலையாட்டியிருந்தால் போதும். ஆளுக்கொரு எச்சரிக்கையோடு இரண்டு பேரும் வீட்டுக்குப் போயிருக்கலாம். கபாம்ப்வேயின் தலை ஆடவில்லை, குனிந்தது.

"இல்லம்மா. 'மூடாமப் போ'ன்னு ஃபோர்மேனா சொன்னா அது என் தலையில விழும். மச்சானா சொன்னா அவனால தட்ட முடியாது, நாளைக்கு வெளிய சொல்லவும் முடியாது. அது தெரிஞ்சேதான் சொன்னேன். மில் ஓடணும்னு சொன்னேன்."

ஜெரே மெல்லத் திரும்பிப் பார்த்தான். ஆஸ்பத்திரிக் கட்டுக்குள்ளிருந்தும் கேலி பேசிய அந்தப் பாதிச் சிரிப்பு இப்போது இல்லை.

ஜெரேயின் வேலை தப்பியது. கபாம்ப்வேயின் ஃபோர்மேன் பதவி அன்றைக்கே போனது. அதில் அவனுக்கு வருத்தமில்லை. பாரம் கொஞ்சம் இறங்கும் என்று பார்த்தான், இறங்கவில்லை. வாசலில் ஜெரேயின் பின்னால் ஓடினான்.

"டேய் எலி தின்னி, நில்லுடா! குரங்கு தின்னின்னு ஒரு தடவ திட்டிட்டுப் போடா."

ஜெரே நின்றான். கேலிக்குக் கோபப்படக் கூடாதுதான்; ஆனால் இது கேலி இல்லையென்று கபாம்ப்வேயே சொல்லிவிட்டான். இறுகிய தோலுக்குள் உதடு சிரமப்பட்டு அசைந்தது.

"நேரமாச்சு, வரேன் சார்," என்றான். இத்தனை வருஷத்தில் அவன் கபாம்ப்வேயை சார் என்று கூப்பிட்டதே இல்லை.